உயிரோடு குடலைச் சேரும் மருந்து

கெடாவில் காடழித்து ரப்பர் நட்ட காலத்தில், மலேரியாவோடு சேர்ந்து நம்மவர் உயிரைக் கவர்ந்த நோய் சீதபேதி. கழிவு கலந்த நீரும் கழிப்பிட வசதியின்மையுமே அதற்குக் காரணங்கள். லயத்தில் ஒரே கிணற்று நீரைப் பருகிய இருவரில் ஒருவர் படுக்கையில் விழ, மற்றவர் நலமாய் வேலைக்குப் போவதும் உண்டு. இஃது ஏன்? இவ்வினாவே ஒரு மருந்தின் வரலாற்றைத் தொடங்கி வைத்தது.

அக்காலத் தோட்டத்து மக்கள் மாடு வளர்த்தனர். மோரும் நீராகாரமும் அவர்கள் அறிந்த வயிற்று மருந்துகள். ஏறத்தாழ அதே காலத்தில், பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தில் மெச்னிகாப் என்னும் அறிஞர், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் குடலுக்கு நன்மை செய்யும் என்றார். 1908-ஆம் ஆண்டில் வேறோர் ஆய்வுக்காக நோபெல் பரிசு பெற்றவர் அவர். ஆயினும் அவர் போற்றிய நுண்ணுயிர் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை எனப் பின்வந்தோர் கண்டனர். குடலைச் சேருமுன் இரைப்பையின் அமிலத்தைக் கடக்க வேண்டும் என்பதும் பெருந்தடை.

அத்தடையை நீக்க முயன்றவர்களுள் முன்னோடி ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெட் நிஸ்ஸல். முதல் உலகப் போரில், தோழர் பலர் வயிற்றுப்போக்கால் வாடியபோது நோயின்றி நின்ற ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து ஒரு நுண்ணுயிரை அவர் பிரித்தெடுத்தார். 1917-ஆம் ஆண்டில் அதை ஜெலட்டின் கூடுகளில் அடைத்து மருந்தாக்கினார். அமிலம் தாக்காதபடி உயிரைக் கூட்டுக்குள் காப்பதே அவர் கண்ட வழி.

1980-ஆம் ஆண்டில் பிராங்கிளின் லிம், அந்தோனி சன் என்போர், இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அல்ஜினேட் கூட்டில் அடைத்து எலிகளுக்குச் செலுத்தினர். அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியின் சத்து. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த இராமநாதபுரத்துக் கடலோரத்திலும் அப்பாசி எடுக்கப்படுகிறது. நுண்ணுயிரைப் பொதியும் முறையும் எளியதே. அல்ஜினேட் கரைசலில் நுண்ணுயிரைக் கலந்து, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒவ்வொரு சொட்டும் மணியாக இறுகும். அம்மணி இரைப்பை அமிலத்தில் பெரும்பாலும் குலையாது. குடலை அடைந்ததும் ஊதிக் கரைந்து, உள்ளிருப்பதை வெளிவிடும்.

இதனால் எல்லா வயிற்று நோயும் தீரும் என எண்ணுதல் தவறு. நிஸ்ஸலின் நுண்ணுயிர், தணிந்த பெருங்குடற்புண் மீண்டும் தலையெடுக்காமல் தடுப்பதில் மெசலசின் என்னும் வழக்கமான மருந்துக்கு நிகரானது என 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. எனினும் ஒரு நுண்ணுயிரின் பயன் மற்றொன்றுக்கு வாராது. பேதி கண்டவருக்கு உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரே முதல் உதவி. இரத்தம் போனால் மருத்துவரை நாடவேண்டும்.

ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த பீடோங்கில் இன்று, 2001-இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் மருந்தியலும் கற்பிக்கப்படுகின்றன. பாட்டி கொடுத்த மோரில் மெய்யாகவே என்ன இருந்தது என்று ஆய்ந்து சொல்லும் வாய்ப்பு பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டியுள்ளது. வகுப்பில் ஆசிரியர்கள் இதை எடுத்துச் சொன்னால், சீதபேதிக்கு இரையானோரின் வரலாறும் மறையாது நிற்கும்.