பே ஹாத்தி: எழுத்தறியாதவர் பெயரிட்ட வணிகக்குறி

1882 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை ஒரு வணிகக்குறி வழக்கில் தீர்ப்பு வழங்கியது. வழக்காடிய இரு தரப்பாரும் பிரித்தானிய வணிகர்கள். வழக்கிற்குரிய பண்டம், ஸ்காட்லாந்தின் லீவன் பள்ளத்தாக்கில் துருக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றப்பட்ட பருத்தி நூல். ஆயினும் நீதிபதிகள் மனத்தில் நிறுத்த வேண்டியிருந்தவர்கள், பம்பாயிலும் ஏடனிலும் அந்நூலைக் கடைத்தெருவில் வாங்கிய, ஆங்கில எழுத்தறியாத மக்களே. ‘ஜான்ஸ்டன் எதிர் ஓர் யூயிங்’ என்று சட்டம் பயில்வோர் அறிந்த வழக்கு இது. கலை வரலாற்றைக் காட்டிலும் சட்ட நூல்களிலேயே மிகுதியாகப் பேசப்படும் இவ்வழக்கு, இந்திய வணிக இலச்சினையின் வரலாற்றைத் தொடங்குவதற்கு மிகப் பொருத்தமான இடம்.

ஓர் யூயிங் நிறுவனத்தின் நூற்சிப்பங்களில் இரு யானைகள் வரைந்த சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. சந்தையில் அந்நூலுக்கு ‘பே ஹாத்தி’ என்ற பெயர் வழங்கிற்று. குஜராத்தியில் ‘பே’ என்றால் இரண்டு. இப்பெயரை நிறுவனம் வைக்கவில்லை, வாங்கியவர்கள் வைத்தனர். பின்னர் ஜான்ஸ்டன் நிறுவனமும் இரு யானைகள் கொண்ட வேறொரு சீட்டுடன் அதே சந்தைக்குள் நுழைந்தது. இரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் வேறுபாட்டை எளிதில் காண்பார். எதிர்வழக்காடியவர்களின் வலுவான வாதமும் அதுவே. ஆனால் கடைக்குச் சென்று ‘பே ஹாத்தி’ நூல் கேட்பவரிடம் இரண்டாவது நூலையும் அதே பெயரால் கொடுத்துவிட முடியும். அந்த இடர்ப்பாட்டைக் கருதிய சபை, ஓர் யூயிங் பக்கமே தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு எழுப்பும் கேள்வி, வணிக நிறுவனங்கள் இன்றும் எதிர்கொள்ளும் கேள்வியே. இலச்சினை உருவமாக இருக்க வேண்டுமா, எழுத்தாக இருக்க வேண்டுமா, பொருள் சுட்டாத வடிவமாக இருக்க வேண்டுமா? இதற்கான விடையை அழகுணர்விலும் காலத்தின் சுவையிலும் தேடுவது வழக்கம். இந்தியச் சந்தையின் வரலாறு வேறொரு விடையைச் சுட்டுகிறது. பண்டம் எப்படிக் கேட்டு வாங்கப்படுகிறது என்பதே குறியின் வகையைத் தீர்மானித்தது. நாவால் சொல்லிக் கேட்கும் இடத்தில் உருவம், எழுத்தில்லாத பெயராகவே பணியாற்றியது.

மான்செஸ்டர் ஏற்றுமதி வணிகர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். துணிச்சுருளின் மேல்மடிப்பில் அவர்கள் ஒட்டிய வண்ண அச்சுச் சீட்டுகள் இன்று சேகரிப்போரின் செல்வமாகிவிட்டன. கண்ணன், இலக்குமி, புலி, யானை, புகைவண்டி, மன்னர் எனக் கடைத்தெருவில் ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய எதுவும் அவற்றில் இடம்பெற்றது. இச்சீட்டுகள் பெரும்பாலும் நெய்த ஆலைக்கு உரியவையல்ல, ஏற்றுமதி செய்த வணிக இல்லத்திற்கு உரியவை. எனவே வாங்குபவர் நம்பிய ‘மார்க்’ உற்பத்தியாளரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இந்தத் துணி சென்ற முறை வாங்கிய அதே துணி என்ற உறுதியை மட்டுமே அளித்தது. அடுத்த முறை சந்தைக்கு வரும்போது ஏமாறாதிருக்க, எழுத்தறியாத வாங்குபவரிடம் அந்தப் படத்தின் நினைவைத் தவிர வேறு கருவி அதிகம் இல்லை. 1889 ஆம் ஆண்டின் இந்திய வணிகப் பண்டக் குறிச் சட்டம் துணியின் நீளத்தை முத்திரையிடச் சொன்னது. அதைப் படிக்கவும் எண்ணறிவு வேண்டும்.

வணிகக்குறிகளைப் பதிவு செய்யும் முறை பிரித்தானியாவில் 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. 1876 சனவரி முதல் நாளன்று முதற்குறியாகப் பதிவானது பாஸ் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். இந்தியாவுக்குப் பதிவுச் சட்டம் 1940 இல்தான் வந்தது. அதுவரை இங்குள்ள வணிகர், தம் குறியின் மீதான உரிமையைப் பயன்பாட்டினாலும் சந்தைப் பெயரினாலுமே நிறுவ வேண்டியிருந்தது. ‘பே ஹாத்தி’ போன்ற வாய்வழக்குப் பெயர்கள் நீதிமன்றச் சான்றுகளாக ஏன் அத்தனை எடை பெற்றன என்பது இதனால் விளங்கும்.

இதே சிக்கல் விடுதலைக்குப் பின் பிஸ்கட் உறையில் மீண்டும் தோன்றியது. பார்லே நிறுவனத்தின் உறையில் பண்ணை வீட்டின் பின்னணியில் நீர்வாளி ஏந்திய சிறுமி; சுற்றிலும் பசுக்களும் கோழிகளும். போட்டி நிறுவனத்தின் உறையில் தலையில் வைக்கோற்கட்டு சுமந்த சிறுமி. அங்கும் பசு, கோழி, பண்ணை வீடு. பறவைகளின் எண்ணிக்கை வேறு, சிறுமி சுமந்த பொருள் வேறு. மைசூர் உயர் நீதிமன்றம் வரை பார்லேவுக்குத் தோல்வியே கிட்டியது. 1972 சனவரியில் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. வாங்குபவர் இரு உறைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில்லை. நினைவில் பொதுத் தோற்றமே எஞ்சுகிறது. எனவே அதையே அளவாகக் கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 90 ஆண்டுகள் கடந்தும், நீதிமன்றத்தின் கண்முன் நின்றவர் அதே கடைத்தெரு வாங்குபவர்தாம்.

அத்தீர்ப்புக்கு முந்தைய ஆண்டில், 1971 இல், பாரத ஸ்டேட் வங்கி தன் பழைய ஆலமரச் சின்னத்தைக் கைவிட்டது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்த நீல வட்டம் அவ்விடத்தைப் பிடித்தது. நடுவே சிறு வட்டம், அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு வெட்டு; அவ்வளவே. எழுத்தறிவு குறைந்த மக்களிடம் வங்கிகள் முனைப்போடு செல்லத் தொடங்கிய காலம் அது. 14 வங்கிகள் 1969 சூலையில் நாட்டுடைமையாகியிருந்தன. எளிதில் பெயர் சொல்லத்தக்க மரத்தை அத்தகைய வேளையில் விட்டு, பெயரற்ற வடிவத்தைத் தேர்ந்தது முதற்பார்வைக்கு முரணாகவே படும்.

ஆனால் வங்கியை யாரும் கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவதில்லை. தெருவில் தொலைவிலிருந்து பலகையைக் கண்டு நடந்து செல்கின்றனர். அங்கு வேண்டுவது சொல்லத்தக்க உருவமன்று, தொலைவிலும் சிதையாத உருவம். ஆலமரத்தின் விழுதுகள் கடிதத் தாளின் தலைப்பில் கலங்கிவிடும், வட்டம் கலங்காது. அதைச் சாவித்துளை என்றும் அகமதாபாத்தின் காங்கரியா ஏரி என்றும் பலர் விளக்கியிருக்கின்றனர். பெயரில்லாத உருவத்திற்கு மக்கள் பெயர் தேடும் பழக்கம் இதிலும் வெளிப்படுகிறது.

ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தின் கதை எதிர்த்திசையிலிருந்து இதே இடத்திற்கு வருகிறது. ஆர். கே. லட்சுமண் 1954 இல் வரைந்த, தூரிகை ஏந்திய சிறுவனுக்குப் பொதுமக்களிடையே போட்டி வைத்து ‘கட்டு’ என்று பெயரிட்டனர். சந்தை தானாகச் செய்ததை நிறுவனம் திட்டமிட்டுச் செய்துகொண்டது எனலாம். 2002 இல் அச்சிறுவன் நீக்கப்பட்டு, எழுத்துருவே இலச்சினையானது.

எழுத்து மட்டுமே குறியாகும்போது பழைய இடர் நீங்கிவிடுவதில்லை. 2001 இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த காடிலா வழக்கில் மோதியவை இரு மலேரியா மருந்துகளின் பெயர்கள்: ஃபால்சிகோ, ஃபால்சிடாப். இங்கே தவறான பண்டத்தின் விலை சாயம் போன நூலன்று, நோயாளியின் உயிர். இந்தியாவில் வாங்குவோருள் ஆங்கிலம் அறியாதவர், எழுத்தறியாதவர் பலர் என்பதால் இங்கிலாந்தின் அளவுகோலை அப்படியே ஏற்கலாகாது என்று நீதிமன்றம் கூறியது. அதே வாங்குபவரை அளவுகோலாகக் கொண்டு 1882 இல் இலண்டனிலேயே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது என்பது சுவையான முரண். தான் வகுத்த நெறிகளின்படி வழக்கைத் தீர்க்குமாறு விசாரணை நீதிமன்றத்தைப் பணித்தது உச்ச நீதிமன்றம்.