மாதவியின் ஷாம்பூ!

பூம்புகாரில் இந்திர விழா முடிந்துவிட்டது. மாதவி வீட்டில் மட்டும் ஒரு சின்னப் பிரச்னை. கோவலன் ஊடலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனைச் சமாதானப்படுத்த மாதவி என்ன செய்தாள் தெரியுமா? தலைக்குக் குளித்தாள்!

'ப்பூ... இவ்வளவுதானா?' என்று நினைத்துவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இளங்கோவடிகள் அந்தக் குளியலுக்கு ஒரு கணக்கே தருகிறார். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை. ஆக மொத்தம் 47 சரக்குகள் ஊறிய நன்னீர்! குளித்த பிறகு நறும்புகையில் கூந்தலை உலர்த்தி, வகிர்ந்து, கஸ்தூரிக் குழம்பு வேறு பூசிக்கொண்டாளாம்.

சரி, அந்தப் பத்துத் துவர் என்னென்ன? இளங்கோ எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார். பல நூற்றாண்டுகள் கழித்து உரை எழுதிய அடியார்க்கு நல்லார்தான் பட்டியலைப் போட்டு வைத்தார். பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல். கூடவே நாற்பாமரம் எனப்படும் ஆல், அரசு, அத்தி, இத்தி. பூவந்தி என்றதும் மிரள வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் கிடைக்கிற நம்ம பூந்திக்கொட்டைதான் அது!

பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் சபோனின் என்றொரு பொருள் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் தண்ணீரோடு சேரும். தலையில் உள்ள பிசுக்கு கழன்று தண்ணீரோடு போய்விடும். சோப்பு செய்கிற அதே வேலை!

இனி, 'ஷாம்பூ' கதைக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், அந்த வார்த்தையும் நம் நாட்டுச் சரக்குதான். ஹிந்தியில் 'சாம்போ' என்றால் 'பிடித்துவிடு, அமுக்கிவிடு' என்று அர்த்தம். 1759-ல் பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் அயர்லாந்து போய், அங்கிருந்து லண்டன் போனார். 1810-ல் அங்கே ஒரு இந்திய ஹோட்டல் ஆரம்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டார். மனிதர் அசரவில்லை. பிரைட்டன் கடற்கரைக்குப் போய், மூலிகை ஆவிக் குளியலும் மசாஜும் தருகிற நிலையம் திறந்தார். அந்த மசாஜுக்குப் பெயர்தான் ஷாம்பூ! நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் 'ஷாம்பூ சர்ஜன்' ஆனார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சொல், தலை அலசுவதைக் குறிக்க ஆரம்பித்தது. 1903-ல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்காஃப் என்ற மருந்துக் கடைக்காரர் ஷாம்பூவைத் தூளாக்கிப் பொட்டலத்தில் விற்றார். அப்புறம் திரவமாகி, பாட்டிலில் ஏறி நம் ஊருக்கே திரும்பி வந்தது. ஆனால், முழு பாட்டில் வாங்க எத்தனை பேரால் முடியும்?

அதற்கு விடை கண்டுபிடித்ததும் சோழமண்டலக் கரைதான். பூம்புகாரிலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் கடலூர். அங்கேதான் சின்னி கிருஷ்ணன் என்பவர் 'வெல்வெட்' ஷாம்பூவைக் குட்டிக் குட்டி பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்பூவைப் பெட்டிக்கடைவரை கொண்டுபோனார். பிறகு அதே நிறுவனமே சீயக்காய்த் தூளையும் பாக்கெட்டில் போட்டு விற்றது!

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவசரமாக பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் 47 சரக்கை ஊறவைத்துக்கொண்டிருக்க முடியுமா? பாக்கெட் வந்ததால் நேரம் மிச்சம். ஆனால், சத்தமில்லாமல் ஒன்று கை நழுவிக்கொண்டிருக்கிறது. அதுதான் வீட்டுக்கு வீடு இருந்த அளவு.

உதாரணத்துக்கு ஒரு வீட்டுக் கணக்கு: காயவைத்த சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப் பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, உலர்ந்த எலுமிச்சைத் தோல் தலா ஒரு கைப்பிடி. மில்லில் சீயக்காய்க்கென்று இருக்கும் தனி மெஷினில் கொடுத்து அரைத்து, வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்க்க வேண்டியதுதான். கண்ணில் பட்டால் எரியும், ஜாக்கிரதை! வழுக்கையில் முடி முளைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அழுக்கு போகும், மணக்கும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். எதுவும் எழுதி வைக்கப்பட்டதில்லை. பாட்டியின் கையளவில் இருந்தது. பாட்டியோடு போய்விடும்.

அடியார்க்கு நல்லார் உரை நம் கைக்கு வந்ததே அதிர்ஷ்டம்தான். ஓலைகளைத் தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர் 1892-ல் அதை அச்சேற்றினார். கோவலனும் மாதவியும் பிரிகிற கானல்வரி, கடலாடு காதைக்கு அடுத்த பகுதி. அதற்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவே இல்லை! இழப்பு ஒரு காதை முன்னதாக நேர்ந்திருந்தால், மாதவி தலையில் பூந்திக்கொட்டை இருந்த விஷயம் நமக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

மாதவிக்கு ஒரு உரையாசிரியர் கிடைத்தார். உங்கள் பாட்டிக்கு? வருகிற வெள்ளிக்கிழமை, அவர் சீயக்காய் அளந்து போடும்போது பக்கத்தில் ஒரு பேப்பரும் பேனாவுமாக உட்காருங்களேன்!