கூட்டுக் கொள்முதலும் தனிக் கொள்முதலும்: ஐரோப்பா தடுப்பூசி வாங்கிய வரலாறு

உலக சுகாதார நிறுவனம் 2009 ஜூன் 11 அன்று எச்1என்1 காய்ச்சலைப் பெருந்தொற்றாக அறிவித்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்குப் பொதுச் சந்தை இருந்தது. தடுப்பூசி வாங்குவதற்குப் பொதுவான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. செல்வ வளம் மிக்க நாடுகள் முன்கொள்முதல் ஒப்பந்தங்களை, அதாவது தடுப்பூசி உருவாகும் முன்பே பணமோ உறுதியோ கொடுத்து வருங்கால உற்பத்தியில் ஒரு பங்கைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் உடன்படிக்கைகளை, நிறுவனங்களுடன் தனித்தனியே செய்திருந்தன. 9.4 கோடி டோஸ் கேட்டிருந்த பிரான்ஸ், மக்களில் பத்தில் ஒரு பங்கினர்கூடப் போட்டுக்கொள்ளாத நிலையில், 2010 ஜனவரியில் 5 கோடி டோஸை ரத்து செய்தது. போலந்தின் சுகாதார அமைச்சர் ஏவா கோபாச், பக்கவிளைவுகளுக்கான பொறுப்பை அரசின் மீது சுமத்தும் நிபந்தனைகளை ஏற்க மறுத்துத் தடுப்பூசியை வாங்காமலேயே விட்டார். ஒப்பந்தங்கள் இரகசியமாக வைக்கப்பட்டதால், அண்டை நாடு என்ன விலை கொடுத்தது என்பது தெரியாமலேயே ஒவ்வோர் அரசும் பேரம் பேசியது.

இந்த அனுபவத்திலிருந்துதான் கூட்டுக் கொள்முதல் என்ற ஏற்பாடு பிறந்தது. 2013இல் இயற்றப்பட்ட ஒன்றியச் சட்டம் அதற்கு வழி செய்தது. 2014 ஜூனில் லக்சம்பர்க்கில் அதற்கான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால் அது விரும்பிய நாடுகள் மட்டும் சேரக்கூடியதாகவும், அவசரத்துக்கு உதவாத நிதானமான ஏலமுறையாகவும் இருந்தமையால், பெருந்தொற்றுக் காய்ச்சலுக்கான தடுப்பூசி ஒப்பந்தம் 2019 மார்ச்சில்தான் நிறைவேறியது.

கொரோனா வந்தபோது நாடுகள் பழைய வழக்கத்துக்கே திரும்பின. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து ஆகிய நான்கும் 2020 ஜூனில் தனிக் கூட்டணி அமைத்து, அஸ்ட்ராஜெனெகாவுடன் 40 கோடி டோஸ் வரை பெறுவதற்கு உடன்பாடு கண்டன. பெரிய நாடுகள் முந்திக்கொண்டால் சிறிய நாடுகளுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும் என்ற அச்சம் உடனே எழுந்தது. சில நாள்களில், ஜூன் 17 அன்று, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 27 நாடுகளுக்கும் தானே பேரம் பேசும் திட்டத்தை வெளியிட்டது. அதன்படி முன்பணம் ஒன்றியத்தின் அவசரகால நிதியிலிருந்து வரும். ஏழு நாடுகளின் பிரதிநிதிகள் ஆணையத்துடன் சேர்ந்து பேச்சு நடத்துவர். டோஸ் மக்கள்தொகை விகிதப்படி பகிரப்படும். ஒப்பந்தம் பிடிக்காத நாடு ஐந்து வேலை நாள்களுக்குள் விலகிக்கொள்ளலாம். சேர்ந்துகொண்ட நாடு அதே நிறுவனத்துடன் தனியாகப் பேசக் கூடாது.

பேரத்தில் ஆணையம் இரண்டைக் குறிவைத்தது: விலை, இழப்பீட்டுப் பொறுப்பு. விலையில் வென்றது என்பதை உலகம் அறிந்ததே ஒரு கைத்தவறால்தான். 2020 டிசம்பரில் பெல்ஜியத்தின் வரவு செலவுத் துறை அமைச்சர் ஏவா டி பிளீக்கர், இரகசியமாக இருக்கவேண்டிய விலைப்பட்டியலை ட்விட்டரில் வெளியிட்டு, சற்று நேரத்தில் அழித்தார். அஸ்ட்ராஜெனெகா 1.78 யூரோ, ஃபைசர் 12 யூரோ என்று அதில் இருந்தது. அமெரிக்கா ஃபைசருக்கு 19.50 டாலர் கொடுத்திருந்ததோடு ஒப்பிட்டால் இது கணிசமான சலுகை. பக்கவிளைவுகளுக்கான சட்டப் பொறுப்பிலிருந்து நிறுவனங்களை முற்றாக விடுவிக்க ஆணையம் இணங்காததும் பேச்சை நீட்டியது.

ஒன்றியத்தின் திட்டத்தில் சேரும் வாய்ப்பை 2020 ஜூலையில் மறுத்த பிரிட்டன், கேட் பிங்கம் தலைமையிலான தடுப்பூசிப் பணிக்குழுவின் வழியே தனியே வாங்கியது. தடுப்பூசி போடுவதில் பிரிட்டன் முந்தியதற்குத் தனிக் கொள்முதலின் வேகமே காரணம் என்று பலர் எழுதினர். பாதி உண்மை அது. அஸ்ட்ராஜெனெகாவுடன் ஒன்றியம் ஒப்பந்தமிட்டது ஆகஸ்ட் 27 அன்று, பிரிட்டன் இறுதி ஒப்பந்தமிட்டது அதற்கு மறுநாள். வேறுபாடு அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது: அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசியை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முயற்சிக்கு மே மாதத்திலேயே 6.55 கோடி பவுண்டை அறிவித்த பிரிட்டன் அரசு, உள்நாட்டு ஆலைகளை ஆயத்தப்படுத்துவதிலும் கவனம் செலுத்தியது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்து விழுவதால் மட்டும் தடுப்பூசி உற்பத்தியாகிவிடாது என்பதை ஆணையம் காலம் தாழ்த்தியே உணர்ந்தது. ஃபைசர் தடுப்பூசிக்கு பிரிட்டன் டிசம்பர் 2 அன்றும் ஒன்றியம் டிசம்பர் 21 அன்றும் ஒப்புதல் அளித்ததில் உள்ள இடைவெளியோ, கொள்முதல் முறையால் நேர்ந்ததன்று. ஒன்று அவசர அனுமதி, மற்றது நிபந்தனையோடு கூடிய விற்பனை அனுமதி.

2021 ஜனவரி 22 அன்று அஸ்ட்ராஜெனெகா தன் வழங்கல் பெரிதும் குறையும் என அறிவித்ததும் நெருக்கடி முற்றியது. முதல் காலாண்டில் எதிர்பார்த்திருந்த 12 கோடி டோஸில் ஏறத்தாழ 3 கோடியே வந்தது. ‘நியாயமான அளவில் இயன்ற முயற்சி’ செய்வதாகவே தாங்கள் ஒப்புக்கொண்டதாக நிறுவனம் வாதிட, பிரிட்டன் ஆலைகளும் ஒப்பந்தத்தில் அடங்கும் என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. ஜனவரி 29 அன்று ஏற்றுமதிக்கு முன் அனுமதி கேட்கும் விதியை ஆணையம் கொண்டுவந்தது. அதையொட்டி, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய உடன்படிக்கையில் இருந்த வட அயர்லாந்து எல்லை குறித்த விதியையும் கையிலெடுக்க முனைந்து, சில மணி நேரத்தில் பின்வாங்கியது. கூட்டு முயற்சியின் நற்பெயருக்கு இதைவிடக் கேடு விளைவித்த செயல் வேறில்லை எனலாம்.

மக்கள்தொகை விகிதம் என்ற கொள்கையும் தாளில் இருந்ததுபோல் நடைமுறையில் இல்லை. விலையையும் சேமிப்பு வசதியையும் கருதி, பல்கேரியா போன்ற சில நாடுகள் ஃபைசரில் தமக்குரிய பங்கைக் குறைத்துக்கொண்டு அஸ்ட்ராஜெனெகாவையே பெரிதும் நம்பியிருந்தன. தட்டுப்பாடு வந்ததும் அவையே அதிகம் தவித்தன. முன்கூட்டியே கிடைக்கவிருந்த 1 கோடி ஃபைசர் டோஸிலிருந்து ஏறத்தாழ 28.5 லட்சத்தை பல்கேரியா, குரோவேஷியா, எஸ்டோனியா, லாட்வியா, ஸ்லோவாக்கியா ஆகியவற்றுக்குக் கூடுதலாகத் தர 19 நாடுகள் ஏப்ரலில் இசைந்தன. பகிர்வில் அநீதி என்று முதலில் குரல் கொடுத்த ஆஸ்திரியாவே, செக் குடியரசு, ஸ்லோவேனியா ஆகியவற்றோடு சேர்ந்து, தன் பங்கை விட்டுத்தர மறுத்தது. இதற்கிடையே ஹங்கேரி ரஷ்ய, சீனத் தடுப்பூசிகளைத் தனியே வாங்கிப் போடத் தொடங்கியிருந்தது.

ஆயினும் அந்த ஆண்டு ஜூலை இறுதிக்குள் ஒன்றியத்தின் வயதுவந்தோரில் 70 விழுக்காட்டினர் ஒரு டோஸாவது பெற்றுவிட்டனர். சொந்தமாகப் பேரம் பேசும் வலிமையற்ற மால்டாவும் சைப்ரஸும் ஜெர்மனி கொடுத்த விலைக்கே வாங்கின; 2009இல் அவற்றுக்கு அந்த நிலை எட்டாக்கனியாக இருந்தது. சில மாதத் தாமதத்தோடு ஒப்பிட்டாலும் இது சிறிய சாதனையன்று.

2021 நவம்பர் வரை ஆணையம் 7,100 கோடி யூரோ மதிப்பில் 460 கோடி டோஸ் வரை பெற ஒப்பந்தங்கள் செய்திருந்ததாகக் கணக்கிட்ட ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம், அவற்றுள் மிகப் பெரிதான மூன்றாவது ஃபைசர் ஒப்பந்தத்தின் தொடக்கப் பேச்சை வகுத்த நடைமுறைக்கு மாறாக ஆணையத் தலைவரே நடத்தினார் என்று 2022இல் பதிவு செய்தது. அந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்த டோஸ் தேவைக்கு மிஞ்சியது என்று கூறி வாங்க மறுத்த போலந்தின் மீது ஃபைசர் 2023இல் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.