கணினி உறங்கக் கற்ற வரலாறு



கைத்தொலைபேசியைச் சற்று நேரம் தொடாமல் வைத்தால் அதன் திரை அணைந்துவிடுகிறது. ஆனால், அழைப்பு வந்ததும் மணி ஒலிக்கிறது. திரை உறங்கியபோதும் அழைப்பை வாங்கும் உறுப்பு விழித்திருந்தது என்பதே இதன் பொருள். எது உறங்கலாம், எது விழித்திருக்கவேண்டும் என்று முடிவு செய்வது யார்? இக்கேள்விக்கு நல்ல விடை காண அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

மடிக்கணினிகள் பரவத் தொடங்கிய காலத்தில், பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுவது பெரும் தொல்லையாக இருந்தது. அதனால் 1992ஆம் ஆண்டில் இண்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் ஏ.பி.எம். என்னும் முறையை வகுத்தன. கணினியின் பலகையிலேயே பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரல், வேலையின்றி இருக்கும் உறுப்புகளுக்கு மின்சாரத்தைக் குறைத்தது.

இதில் ஒரு குறை இருந்தது. முன்பு தோட்டங்களில் ஜெனரேட்டரை இரவில் குறித்த நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். எந்த வீட்டில் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது என்பது நிறுத்துபவருக்குத் தெரியாது. பயாஸின் நிலையும் அதுவே. நடக்கும் வேலையை முழுமையாக அறிந்திருந்தது, கணினியை நடத்தும் இயக்குதளமே.

ஆகவே 1996 டிசம்பரில் இண்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகியவை சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற புதிய விதிமுறையை வெளியிட்டன. முடிவு செய்யும் பொறுப்பு இயக்குதளத்திடம் வந்தது. உறுப்புகளுக்கு நான்கு நிலைகள் வகுக்கப்பட்டன. டி0 என்பது முழு விழிப்பு. டி1, டி2 இடைநிலைகள். டி3 ஆழ்ந்த உறக்கம். உறக்கம் ஆழமானால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் விழிக்க நேரம் பிடிக்கும். டி3 நிலையில் உறுப்பு தன் நினைவையே இழந்துவிடலாம். ஆதலால் அவ்வுறுப்பைக் கவனிக்கும் நிரல், தேவையானவற்றைக் குறித்துவைத்து, எழுந்ததும் திருப்பித் தரவேண்டும்.

வரிசையும் முக்கியம். சேமிப்பான் ஒன்று யூ.எஸ்.பி. வாயிலில் செருகப்பட்டிருந்தால், முதலில் சேமிப்பான் உறங்கவேண்டும், பிறகுதான் வாயில். எழும்போது வாயில் முதலில் எழவேண்டும். வரிசை தவறினால் பாதி எழுதிய கோப்பு பாழாகலாம்.

2009இல் லினக்ஸ் இயக்குதளத்தின் உட்கரு மேலும் ஒரு படி ஏறியது. கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே, சும்மா இருக்கும் உறுப்பை மட்டும் தனியே உறங்கவைக்கும் பொதுவான ஏற்பாடு அதில் சேர்ந்தது. ஓர் உறுப்பை எத்தனை வேலைகள் பயன்படுத்துகின்றன என்று எண்ணிவரும். எண்ணிக்கை பூச்சியமானால்தான் உறக்கம். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளுக்கும் லினக்ஸ் உட்கருவே அடிப்படை.

நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தைச் சேமிப்பானில் எழுதியதும் அதைச் சட்டென்று பிடுங்கிவிடக் கூடாது. கணினியிடம் சொல்லிவிட்டே எடுக்கப் பழகவேண்டும். மின்சாரத்தை நிறுத்துவது எளிது. அது யாருக்கு இன்னும் தேவை என்று கேட்டு நிறுத்துவதே அறிவு.