கொழும்பு மாநகரில் பல்லினத்தார் உணவகங்கள்

ஒரு மாநகரின் வரலாற்றைக் கோட்டைகளிலும் அரசாணைகளிலும் மட்டும் தேடுதல் போதாது. அந்நகரில் யார் யாருக்குச் சோறிட்டனர், யார் யாருடன் ஒரே வாங்கில் அமர்ந்து உண்டனர் என்பதும் வரலாறேயாகும். தமிழர் விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றினர். வழிப்போக்கர்க்குச் சத்திரங்களும் மடங்களும் அமுதளித்தன. ஆயினும், சமைத்தவர் யார், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார் என வினவாது, காசு கொடுத்து எவரும் உண்ணலாம் என்னும் வழக்கம் வேறொரு சூழலில் வளர்ந்தது. அச்சூழலைக் கொழும்பிலே தெளிவாகக் காணலாம்.

இதற்குப் புதுக்கடை நல்லதொரு தொடக்கமாகும். 1656ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றுதற்கு ஒல்லாந்தர் நடத்திய முற்றுகையில் அவர்தம் படைத்தலைவர் ஹுல்ப்ட் உயிரிழந்தார். அவர் பெயரால் ஐரோப்பியர் அவ்விடத்தை ஹல்ஸ்டோர்ப் என்றழைத்தனர். தமிழர் புதுக்கடை என்றும், சிங்களவர் அதே பொருள்பட அளுத்கடே என்றும் வழங்கினர். ஆட்சியாளர் தளபதியை நினைவிற் கொள்ள, மக்கள் கடையையே நினைவிற் கொண்டனர். பின்னர் நீதிமன்றங்கள் அங்கு அமைந்தபோது, வழக்காளிகளும் சாட்சிகளும் பல திசைகளிலிருந்தும் வந்து கூடினர். வழக்கு நாளில் வீடு சென்று உண்டு மீளுதல் அவர்க்கு இயலாது. இன்றோ மாலை வேளையில் அப்பகுதியின் அப்துல் ஹமீது வீதி முழுவதும் கொத்துரொட்டியும் சுட்ட இறைச்சியும் மணக்கின்றன. சைவரல்லாத பல இனத்தவரும் அங்கு ஒருங்கே நின்று உண்கின்றனர்.

கொழும்பின் உணவு வகைகள் அந்நகருக்கு வந்து சேர்ந்தோரின் வரிசையையே காட்டுகின்றன. பாண் என்னும் சொல்லும், வாங்கு என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. ஒல்லாந்தர் சாவகத்திலிருந்தும் அதனையடுத்த தீவுகளிலிருந்தும் கொணர்ந்த போர்வீரரின் வழிவந்த மலாயர் கொம்பனித் தெருவில் வாழ்ந்தனர். வட்டிலப்பம் அவர்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது. சோற்றையும் கறியையும் வாழையிலையில் பொதிந்து வெதுப்பும் லம்பிரைஸ், பறங்கியர் இல்லங்களிலிருந்து கடைக்கு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1875ஆம் ஆண்டு தொடங்கி 1885ஆம் ஆண்டில் நிறைவேறிய அலைதடுப்பு அணை, கொழும்பைப் பெருந்துறைமுகமாக்கியது. செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டை வணிகரும், புறக்கோட்டையில் போராக்களும் சிந்திகளும், துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையில் பல்வகைத் தொழிலாளரும் நிறைந்தனர்.

இவர்களுட் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த ஆடவராவர். 1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை நிறைவுற்றபின் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் மிகுதியாகக் கொழும்புக்கு வந்தனர். ‘சமறி’ எனப்பட்ட கூட்டு வாழ்விடங்களில் அவர்கள் தங்கினர். இவர்க்கெல்லாம் உணவகம் சுவை நாடிச் சென்ற இடமன்று. வயிறு நாடிச் சென்ற இடமேயாம். தன்னவர்க்கெனத் திறக்கப்பட்ட சைவக் கடையில் நாளடைவிற் பிறரும் புகுந்தனர். சிங்கள மக்கள் தோசையையும் வடையையும் அவற்றின் பெயரோடு ஏற்றதுடன், அக்கடையையும் ‘சைவர் கடை’ என்றே அழைக்கலாயினர்.

இக்கலப்பின் அருமை யாழ்ப்பாண நிலையோடு ஒப்பிடுங்கால் விளங்கும். சாதி காரணமாக உணவகம் போன்ற பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் விதித்தது. அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்டோர்க்கு இருக்கை மறுக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் புறப்பட்ட ஊர்வலத்தைத் தொடர்ந்து, ஆலயக் கதவுகளோடு தேநீர்க் கடைக் கதவுகளையும் திறப்பதற்கு அவர்கள் போராட நேர்ந்தது. கொழும்பு சாதியை ஒழித்துவிட்டது என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் முன்பின் அறியாதார் திரளும் நகரில், கடைக்காரர் ஒவ்வொருவரின் குலத்தையும் ஆராய்ந்து இலை போடுதல் அரிதாயிற்று. அறவுரை மட்டும் செய்யமுடியாத ஒன்றை நகரின் நெரிசல் ஓரளவு செய்தது.

எனினும் ஒருவர் சமைத்ததை உண்பதும், அவரை அயலவராக ஏற்பதும் ஒன்றல்ல. 1930களில் ஏ. ஈ. குணசிங்கா தலைமையிலான தொழிற்சங்க இயக்கம் மலையாளிகளுக்கு எதிராகத் திரும்பியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானியர் குண்டுவீசியபின் இந்தியர் பலர் நகரை விட்டகன்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இந்திய வம்சாவளியினரின் வாழ்வைப் பெரிதும் மாற்றின. இவை யாவற்றினும் கொடியது 1983ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலாகும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகளும் உணவகங்களும் எரியூட்டப்பட்டன. எல்லா இனத்தாரும் விரும்பி உண்ட வடையும் தோசையும், அவற்றைச் சுட்ட கைகளுக்குக் காவலாகவில்லை.

அழிவின் பின்னும் அடுப்புகள் மீண்டும் எரிந்தன. போரினாற் பெயர்ந்து வந்த வடபகுதி மக்கள் வெள்ளவத்தையிற் பெருகினர். முன்னர் இல்லங்களிலேயே தங்கியிருந்த யாழ்ப்பாணச் சமையல் விலையுணவாகத் தெருவுக்கு வந்தது. இன்று காலி வீதியை ஒட்டிய தெருக்களில் ஒடியற் கூழும் நண்டுக் கறியும் பிற இனத்தாரும் தேடி வந்து உண்ணும் பண்டங்களாய் விளங்குகின்றன. இடம்பெயர்ந்தோர்க்கு அவை ஊரின் நினைவு. ஏனையோர்க்கோ புதிய சுவை.

இவ்வரலாறு உணர்த்துவது யாதெனின், பல இனத்து உணவும் ஒரு தெருவிற் கிடைத்தல் அந்நகரின் செல்வமேயன்றி, அதன் ஒற்றுமைக்குச் சான்றாகாது என்பதே. நாவின் இணக்கம் தானாகவே நெஞ்சின் இணக்கமாக மாறுவதில்லை. நடுநிலை பிறழாத சட்டமும், அதனை அஞ்சாது நடத்தும் அரசும், அயலவர்க்கு இடர் நேர்ந்தவிடத்துத் துணைநிற்கும் மக்களும் வேண்டும். அவை அமையுங்கால், ஒரே வாங்கில் அருகருகே அமர்ந்து உண்ணும் எளிய வழக்கம் நல்ல குடிமைக்குப் பயிற்சியாகும். அவை அமையாவிடில், நிறைந்த உணவகமும் ஓர் இரவிற் சாம்பலாகலாம்.