பன்றிக் காய்ச்சலும் பழைய ஊசியும்

2009 ஆகஸ்ட் 3. இந்தியாவில் பன்றிக் காய்ச்சல் வாங்கிய முதல் உயிர் புனேயில் போயிற்று. பள்ளிக்கூடங்களை மூடினார்கள், மருந்துக் கடைகளில் முகமூடி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்த எங்கள் மாடி வீட்டு மாமா கேட்டார்: "போன அக்டோபர்லதான் அங்கே ஃப்ளூ ஊசி போட்டாங்க, அதுவும் எச்1என்1, இதுவும் எச்1என்1. அது போதாதா?"

போதாது. காரணம் பழைய கதை.

1918-ல் உலகை உலுக்கிய கிருமி, பன்றிகளிடமும் தங்கிவிட்டது. 1931-ல் ரிச்சர்ட் ஷோப் பன்றிக் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ்தான் என்று காட்டினார். மனிதரிடம் இருந்த கிளை ஆண்டுதோறும் சட்டையை மாற்றிக்கொண்டே வந்தது; பன்றியிடம் இருந்ததோ மெதுவாகத்தான் மாறியது. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள், தொண்ணூறு வருஷத்தில் ஜாடையே இல்லாத பங்காளிகளாகிவிட்டார்கள். ஊசி நம் உடம்புக்குக் கற்றுத் தருவது அந்த ஜாடையைத்தான், பெயரை அல்ல.

2009 மே மாதம் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்து இதை உறுதி செய்தது. வழக்கமான ஊசி போட்ட குழந்தைகளிடம் புதுக் கிருமிக்கு எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை. ஆனால் அறுபது தாண்டியவர்களில் மூன்றில் ஒருவரிடம் ஊசிக்கு முன்பே அது இருந்தது! சின்ன வயதில் அந்தப் பழைய பாட்டன் வழிக் கிருமிகளைச் சந்தித்தவர்கள். கிழவர்களை விட்டு இளையவர்களை இந்தக் காய்ச்சல் அதிகம் பிடித்ததன் ரகசியம் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. 1976-ல் நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக் கிருமியால் ஒரு சிப்பாய் இறந்தார். பயந்துபோன அமெரிக்க அரசு நான்கு கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தனி ஊசி போட்டது. கொள்ளைநோய் வரவில்லை, ஊசி போட்ட சிலருக்குப் பக்கவாதம் போன்ற நரம்புத் தளர்ச்சி வர, டிசம்பரில் திட்டத்தையே நிறுத்தினார்கள். அன்று கேலிக்கு ஆளான அந்த ஊசியைப் போட்டவர்களின் ரத்தம், 33 வருஷம் கழித்து வந்த கிருமியை நன்றாகவே எதிர்த்தது.

2010-லிருந்து கதை திரும்பிவிட்டது. 2009-ன் கிருமி பழைய எச்1என்1-ஐ விரட்டிவிட்டு மனிதரிடமே குடியேற, வழக்கமான ஊசியிலேயே அதையும் சேர்த்துவிட்டார்கள். 2015-ல் இந்தியாவில் 2,990 பேரைக் கொன்றது இதே கிருமிதான். பன்றி என்ற பெயரைக் கேட்டு, 'இந்த ஊசி அதுக்கு இல்லை' என்று இன்றும் சிலர் ஒதுங்குகிறார்கள். அது 2009-க்குப் பொருந்தியது. இன்றைய ஊசி முழுக் காப்பு இல்லாவிட்டாலும் காப்புதான். வருஷா வருஷம் போட வேண்டும், அவ்வளவே.

பன்றிகளிடம் சுற்றும் மற்றக் கிருமிகளுக்கு இது உதவாது. 2012-ல் அமெரிக்கக் கால்நடைச் சந்தைகளில் எச்3என்2 வகை ஒன்று முந்நூறு பேருக்கு மேல் தொற்றியது. பெரும்பாலும் பன்றியைத் தொட்டு விளையாடிய சிறுவர்கள்.