யாழ்ப்பாணக் குடாநாட்டில் திண்மக் கழிவும் சுற்றாடல் முகாமைத்துவ முறைமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் திண்மக் கழிவைச் சேர்ப்பதும் தரம்பிரிப்பதும் அகற்றுவதும் உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. குடாநாட்டின் பெரும்பகுதியையும் தீவகத்தையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 மன்றங்கள் உள்ளன. நிலத்தடி நீரையே நம்பிய பிரதேசம் என்பதால் இங்கு குப்பை அகற்றல், நீர்ப் பாதுகாப்போடு பிணைந்த பணியாகும்.

நிலவியல் பின்னணி

குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழை பாறை வெடிப்புகளினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. பாறை கரைந்து உருவான வழிகளுக்கு நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் சான்று. மண்படை மெல்லிதான இடங்களில் மாசு அதிகம் வடிகட்டப்படாமலே நீரை அடையும். இரசாயனப் பசளையாலும் மலக்குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துள்ள நிலையில், குப்பை மேட்டின் கசிவுநீர் கூடுதல் சுமையாகிறது.

வரலாறு

முன்னர் வீட்டுக் கழிவின் பெரும்பகுதி வளவைத் தாண்டவில்லை. சமையற் கழிவு ஆடுமாடுகளுக்குப் போனது. மாட்டெருவும், வேலியில் வெட்டிய பூவரசங் குழையும், கழித்த பனையோலையும் தோட்ட மண்ணுக்குப் பசளையாயின. நகரம் வளர்ந்தபோது பொறுப்பு பொது நிர்வாகத்திடம் சென்றது. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், சேர்க்கப்படும் குப்பையைச் சபையின் உடைமையாக்கி, தொல்லையின்றி அகற்றும் கடமையையும் அதற்கு விதித்தது. யாழ்ப்பாண மாநகர சபை 1949இல் உருவானது. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய கடமைகளை வகுத்தது.

போர்க்காலப் பொருளாதாரத் தடை பொதிசெய்த நுகர்பொருள்களின் வரவைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டைத் தெற்குடன் தரைவழியே இணைக்கும், 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ9 வீதி, போர் முடிந்த 2009இல் மீண்டும் திறக்கப்பட்டபின் பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் பெருகின. உக்கும் கழிவுக்கான பழைய வழிகள் இவற்றுக்கு உதவவில்லை.

சட்டமும் முறைமையும்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை அமைந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்கும் தாக்க மதிப்பீட்டுக்கும் வழிசெய்தது. நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல் கொள்ளளவுள்ள கழிவகற்றும் நிலையம், 1993ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் மதிப்பீட்டுக்குரிய செயற்றிட்டமாகப் பட்டியலிடப்பட்டது. கூட்டெரு நிலையங்களை ஊக்குவித்த ‘பிலிசரு’ திட்டம் 2008இல் தொடங்கியது. கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று குப்பை மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீன், உணவு சுற்றும் தாள் போன்றவற்றுக்கான தடை நடைமுறைக்கு வந்தது.

சுற்றாடல் முகாமைத்துவ முறைமை இச்சட்டங்களிலிருந்து வேறானது. நிறுவனம் தானாக ஏற்கும் ஒழுங்கு அது. பிரித்தானியாவின் பி.எஸ். 7750 நியமம் 1992இலும், சர்வதேச ஐ.எஸ்.ஓ. 14001 நியமம் 1996இலும் வெளிவந்தன. பின்னையது 2004, 2015 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. திட்டமிடல், செயற்படுத்தல், சரிபார்த்தல், திருத்தல் என்ற சுழற்சியே அதன் அடிப்படை. குப்பைப் பணியில் இதன் பொருள்: கசிவுநீர், தீ, புகை, பணியாளர் நலன் ஆகிய தாக்கங்களைப் பட்டியலிடுவது, வந்த எடையையும் பிரித்த எடையையும் பதிவது, அயற்கிணறுகளின் நீரைக் காலமுறைப்படி சோதிப்பது, உள்ளகக் கணக்காய்வின் முடிவைச் சபை அமர்வில் வைத்துத் திருத்துவது.

கல்லுண்டாயும் எல்லைப் பிரச்சினையும்

மாநகரக் குப்பை முன்னர் காக்கைதீவிலும் பின்னர் கல்லுண்டாயிலும் கொட்டப்பட்டது. கல்லுண்டாய் கடனீரேரியை அண்டிய தாழ்நிலம். அங்கு தீப்பிடிப்பதும், துர்நாற்றத்துக்கும் புகைக்கும் எதிராக அயலவர் போராடுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளன. குப்பையை அனுப்புவது மாநகர சபை. மேடு அமைந்திருப்பதோ வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள். ஒரு நிறுவனத்தின் பணிவரம்புக்குள் மட்டும் வகுக்கப்படும் முறைமை இத்தகைய இடத்தில் குறைபடும். ஐ.எஸ்.ஓ. 14001 பாதிக்கப்படுவோரின் தேவைகளையும் கணக்கிற் கொள்ளச் சொல்கிறது. நிலத்தடி நீர் சபை எல்லைகளுக்கு அடங்காததால், பல சபைகள் இணைந்த பொதுப் பதிவும் கண்காணிப்புமே குடாநாட்டுக்கு ஏற்ற வடிவமாகும்.